வெள்ளையில் சிவப்புப் புள்ளி அந்து, சிவப்பில் வெள்ளைப் புள்ளி காளான்: ரெண்டும் ஒரே கணக்கா?

ஆயக்குடி_கொய்யா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நமக்குப் பழனி பக்கம் ஆயக்குடி. கொய்யாத் தோப்புல வரிசைக்கு நடுவுல சணப்பை விதைச்சு, பூ எடுக்கறப்ப மடக்கி உழுதுடறது வழக்கம். இந்தத் தடவை ஒரு ஓரத்தை மட்டும் விதைக்குன்னு விட்டுவெச்சேன். காய் பிடிச்சதும் வெள்ளையா ஒரு சின்னப் பூச்சி வர ஆரம்பிச்சுது. அந்துன்னா ராத்திரியில விளக்குக்கு வரும்னுதான் நெனச்சிருந்தேன், இது பட்டப்பகல்ல திரியுது. நாம நடந்தா எந்திரிச்சு, நாலடி தள்ளிப் போய் இன்னொரு செடியில உக்காந்துக்குது. பயந்த மாதிரியே தெரியல. உக்காந்ததும் இறக்கையை ஒடம்போட ஒட்டிச் சுருட்டிக்குது. பால்வெள்ளை இறக்கை, அதுல பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி, ஊடால குங்குமத்துல விரலைத் தொட்டு வெச்சாப்ல சிவப்புப் புள்ளி. படம் போட்டிருக்கேன்.

இதோட புழுதான் காயை ஓட்டை போடுது. கறுப்பும் வெள்ளையுமா, ஒவ்வொரு கணுவுலயும் ஆரஞ்சுப் பட்டை, மேல கொஞ்சம் முடி. எங்க கோழி ஒண்ணு இதைக் கொத்திப் பார்த்துட்டு, அலகைத் தரையில தேச்சுட்டுப் போயிடுச்சு. கம்பளிப்பூச்சி முடி குத்துனதாலயா, ருசி பிடிக்காமலயான்னு தெரியல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மழைக்கு அப்புறம் மச்சான் குடும்பத்தோட கொடைக்கானல் போனோம். பைன் காட்டுல, கூட்டம் இல்லாத பக்கமா உள்ள போனா, ரத்தச் சிவப்புல ஒரு குடைக்காளான், மேல வெள்ளை வெள்ளையா பொட்டு. புள்ளைங்க கார்ட்டூன்ல வர்ற அதே காளான். மச்சான் பொண்ணு எட்டாவது படிக்குது. என் போன்ல இருந்த பூச்சிப் படத்தையும் இந்தக் காளானையும் பார்த்துட்டு, "மாமா, இது அதோட உல்ட்டா. ரெண்டுமே விஷம், அதான் ரெண்டும் போர்டு மாட்டி வெச்சிருக்கு"ன்னு சொல்லிடுச்சு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நெசமாவே ரெண்டும் ஒரே கணக்குதானா? அப்புறம் இன்னொண்ணு, இந்தப் புழு விழுந்த சணப்பையை ஆட்டுக்குப் போடலாமா?

---

இரவுவிளக்கு (கோவை):

அண்ணே, படம் தெளிவா இருக்கு. யூட்டத்தீசா புல்கெல்லா, டைகர் மாத் கூட்டத்தைச் சேர்ந்தது. 1758இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் பேர் வெச்சது. இதே ஜாடையில லோட்ரிக்ஸ்னு ஒரு பங்காளி இருக்கு, அதுவும் சணப்பைக்கும், அதோட பங்காளிச் செடி கிலுகிலுப்பைக்கும் வரும். போட்டோவை மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்கிறது சிரமம். ஆனா உங்க கேள்விக்கு எது வந்தாலும் பதில் ஒண்ணுதான்.

நான் மொட்டைமாடியில வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு அந்து பார்க்கிற ஆளு. இந்தப் பூச்சி அந்தத் துணிக்கு வர்றதைவிட, காலையில ஏரிக்கரையில தேள்கொடுக்குச் செடி பக்கம் நடந்தா அதிகமாக் கிடைக்கும். இறக்கையை விரிச்சா 30லிருந்து 40 மில்லிமீட்டர். ஆளு சின்னது, ஊர் சுற்றுறதுல கெட்டி. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, நம்ம ஊர்னு பரவியிருக்கு. சில வருஷம் இங்கிலாந்து வரைக்கும் பறந்து போய் அங்க இருக்கிறவங்களைப் பரவசப்படுத்தும்.

உங்க மச்சான் பொண்ணு பூச்சி விஷயத்துல சரியாப் பிடிச்சிருக்கு. கிலுகிலுப்பை, சணப்பு, தேள்கொடுக்கு இதுல எல்லாம் பைரோலிசிடின் அல்கலாய்டுனு ஒரு வகை நஞ்சு இருக்கு. புழு அதைத் தின்னு, அழிக்காம, உடம்புல சேர்த்து வெச்சுக்கும். கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியா வெளிய வரும்போதும் அந்த நஞ்சு கூடவே வரும். விதையிலதான் அது ரொம்பச் செறிவா இருக்கும். காயை ஓட்டை போட்டு விதைக்கு அலையறது வெறும் பசிக்கு மட்டும் இல்லை.

இதோட அமெரிக்கச் சொந்தக்காரன் யூட்டத்தீசா ஆர்னாட்ரிக்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்துல தாமஸ் எய்ஸ்னர்னு ஒருத்தர் (2011இல் இறந்துட்டார்) அதை வெச்சே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினார். ஃப்ளோரிடாவுல பெரிய தங்கநூல் சிலந்தி வலையில அந்த அந்தைப் போட்டா, சிலந்தி ஓடி வரும், தொட்டுப் பார்க்கும், அப்புறம் சுத்தியிருக்கிற நூலை ஒவ்வொண்ணா வெட்டி அதை விடுதலை பண்ணிடும். அந்து சாவகாசமாப் பறந்து போகும். அதே இனத்துப் புழுவைக் கிலுகிலுப்பை கொடுக்காம, பீன்ஸ் மாவுல செஞ்ச உணவுல வளர்த்து வலையில போட்டாங்க. சிலந்தி தின்னுடுச்சு. இறக்கை, புள்ளி, நிறம் எல்லாம் அப்படியே இருந்தும் நஞ்சு இல்லாததால போச்சு.

அதுல இன்னும் ஒரு விசேஷம். ஆண் அந்து இந்த அல்கலாய்டிலிருந்தே ஒரு வாசனையைத் தயாரிச்சு, வயிற்றுக் கடைசியில இருக்கிற மயிர்க்கற்றையை விரிச்சுப் பெண்கிட்ட காட்டும். சேரும்போது நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கும். பெண் அதை முட்டைக்குள்ள வெச்சு அனுப்பும். எறும்பும் பொறிவண்டும் அந்த முட்டையை விட்டுடும். சீதனம் ஆம்பளை வீட்டிலிருந்து வருது, அதுவும் நஞ்சா.

காளானைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. பெருமாள்மலை டீச்சர் வருவாங்க.

---

பெருமாள்மலை_டீச்சர்:

வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியைக்கு வேறு என்ன வேலை.

தம்பி, நீங்கள் பார்த்தது அமானிட்டா மஸ்கேரியா. லின்னேயஸ் 1753இல் வேறொரு பேரினத்தில் வைத்தார், லமார்க் 1783இல் அமானிட்டாவுக்கு மாற்றினார். கொடைக்கானலுக்கு அது சொந்த ஊர்க்காளான் இல்லை. பைன் வந்தது, அதன் வேரோடு இதுவும் வந்தது. அந்தக் காட்டில் பெரும்பாலும் நிற்பது மெக்ஸிகோவைச் சேர்ந்த பைன் இனம். காளானின் பூர்வீகமோ பூமியின் வடக்கே இருக்கும் பிர்ச், பைன், ஸ்ப்ரூஸ் காடுகள். தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லா இடத்திலும் இதே கதை, மரத்தோடு பயணம். நியூசிலாந்தில் பைனை விட்டு வெளியேறி உள்ளூர் நோத்தோஃபேகஸ் மரங்களையும் பிடித்துக்கொண்டது. பைன் காட்டில் நின்று போட்டோ எடுப்பவர்களுக்கு அந்தக் காடே நட்டு வளர்த்தது என்பது நினைவில் இருப்பதில்லை. நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

குழந்தையின் கேள்வி நல்ல கேள்வி. பாதிக்கு மதிப்பெண் கொடுப்பேன்.

முதலில் அந்த வெள்ளைப் பொட்டு என்ன என்று பாருங்கள். காளான் மண்ணிலிருந்து எழும்போது முழுக்க ஒரு வெள்ளை உறைக்குள் முட்டை போல இருக்கும். குடை விரிய விரிய உறை கிழியும். கிழிந்த துண்டுகள் குடை மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் அந்தப் பொட்டு. நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வயதான காளான் பொட்டே இல்லாமல், வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் நிற்பதையும் அதே காட்டில் பார்க்கலாம். அந்துவின் புள்ளி இறக்கைச் செதிலிலேயே நிறமாக இருப்பது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்தது. மழையில் கரையாது.

நஞ்சும் அப்படித்தான் வேறுபடுகிறது. அந்து செடியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. காளான் தானே தயாரிக்கிறது. ஐபோடெனிக் அமிலம் என்பது அதன் பெயர். காளான் உலரும்போதும், தின்றவர் உடலுக்குள்ளும் அதில் ஒரு பகுதி மஸ்கிமால் ஆக மாறும். மூளையை மந்தப்படுத்தும் காபா ஏற்பிகளில் போய் உட்காருவது இந்த மஸ்கிமால்தான். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைசுற்றல், பிதற்றல், தசைத் துடிப்பு, ஆழ்ந்த தூக்கம் என்று போகும். சாவு அபூர்வம், ஆனால் ஆஸ்பத்திரி நிச்சயம். மஸ்கரின் என்ற பொருளை 1869இல் முதலில் பிரித்தெடுத்தது இந்தக் காளானிலிருந்து. அதனால் பலர் இன்றும் அதுதான் இதன் விஷம் என்று எழுதுகிறார்கள். இதில் மஸ்கரின் இருப்பது மிகச் சொற்பம்.

இப்போது அறிவிப்புப் பலகைக்கு வருவோம். பலகை என்றால் படிப்பதற்கு ஆள் வேண்டும். 1867இல் டார்வினுக்கு ஒரு குழப்பம். பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் பளபளப்பாக இருப்பது துணையைக் கவர என்று சொல்லிவிடலாம். புழுவுக்குத் துணையே கிடையாதே, அதில் சில ஏன் இவ்வளவு ஜொலிக்கின்றன? அவர் இன்னொரு இயற்கை ஆய்வாளரான வாலஸைக் கேட்டார். ருசியில்லாத புழு, பறவை கொத்துவதற்கு முன்பே அடையாளம் தெரிந்தால்தான் பிழைக்கும், கொத்திய பிறகு தெரிந்து என்ன பயன் என்றார் வாலஸ். உங்கள் கோழி அலகைத் தேய்த்துவிட்டுப் போனபோது கற்றது அந்தப் பாடத்தைத்தான். அடுத்த முறை அந்த ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்தால் ஒருவேளை யோசிக்கும்.

காளானைத் தின்ன வருவது யார்? ஓடில்லாத நத்தை, காளான் ஈயின் புழு, எலி, அணில், வடக்கே மான். நத்தைக்கு நிறம் தெரியாது. பாலூட்டிகளில் குரங்கும் நாமும் தவிரப் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு சிவப்பாகவே தெரியாது, மங்கலான ஏதோ ஒன்றாகத்தான் தெரியும். சிவப்பை நன்றாகப் பார்க்கும் பறவைகள் காளானுக்கு வருவது குறைவு. இந்தக் காளான் உருவானது சைபீரியா, பெரிங் நீரிணைப் பக்கம் என்று மரபணுவை வைத்துச் சொல்கிறார்கள். அங்கே குரங்கு ஏது? அப்படியானால் இந்தச் சிவப்புப் பலகை யாருக்கு?

2005இல் வந்த ஓர் ஆய்வு வட அமெரிக்கா, ஐரோப்பாக் காளான்களை எடுத்து ஒப்பிட்டது. விஷக் காளான்கள் உண்ணக்கூடியவற்றைவிட அதிக நிறமாக இல்லை. தனித்துத் தெரியும் மணம்தான் விஷக் காளான்களில் அதிகம் இருந்தது. இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இருட்டில் வரும் எலிக்குப் பலகையை மூக்கில்தான் மாட்ட வேண்டும். இதே அமானிட்டா குடும்பத்தில் ஐரோப்பாவில் அதிகம் பேரைக் கொன்றது ஃபல்லாய்டிஸ். வெளிறிய பச்சை, பார்க்க ஒன்றுமே இல்லாத காளான். பலகை மாட்ட வேண்டும் என்றால் முதலில் அது அல்லவா மாட்டியிருக்க வேண்டும்?

கடைசியாக ஒன்று. அந்துவைத் தின்றுவிட்டால் கதை முடிந்தது. காளானில் நாம் பார்ப்பது சில நாள் நிற்கும் வித்துக்குடை மட்டுமே. உயிர் மண்ணுக்குள் நூல்நூலாகப் பைன் வேரைச் சுற்றிக்கொண்டு இருக்கிறது. மரத்துக்கு நீரும் தாதுவும் கொடுத்து, சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. மேலே ஒரு நத்தை கால்வாசிக் குடையைத் தின்றால் அதற்குப் பெரிய நட்டமில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அந்துவுக்கு இருக்கும் அவசரம் காளானுக்கு இல்லை.

---

சும்மா_படிக்கிறவன்:

டீச்சர், கொடைக்கானல்ல மேஜிக் மஷ்ரூம்னு பசங்க தேடிட்டு வர்றாங்களே, அது இதுதானா?

---

பெருமாள்மலை_டீச்சர்:

இல்லை. அது சைலோசைபின் என்ற போதைப்பொருள் உள்ள வேறு காளான், சின்னதாகப் பழுப்பாக இருக்கும். வேதிப்பொருளும் வேறு, சட்டப்படியும் குற்றம். அதைத் தேடி வருகிறவர்கள் கையில் என்ன கிடைக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. இந்தத் திரியில் அந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

நிறத்தை வைத்துக் காளானைத் தரம் பிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சிவப்பு விஷம், வெள்ளை நல்லது" என்று நம்பி, மழை விட்டதும் புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக்காளானைப் பறித்துச் சமைத்து, வாந்தி நிற்காமல் படுத்தவர்களை எனக்குத் தெரியும். குளோரோஃபில்லம் என்று ஒன்று, சமவெளியில் பள்ளி மைதானம் வரை வரும். முதிர்ந்ததும் குடைக்கு அடியில் மடிப்புகள் பச்சையாகும். இளசில் அதுவும் தெரியாது. பூச்சி அரித்திருந்தால் சாப்பிடலாம், மஞ்சள் போட்டால் நிறம் மாறும் என்பதெல்லாம் வேண்டாம். நத்தை தின்று நன்றாக ஊர்ந்து போகும் காளான் உங்களைப் படுக்க வைக்கும். புற்றுக்காளானைக் காலங்காலமாகப் பறிக்கிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை. அது புற்றிலிருந்து வருகிறதா, தண்டு மண்ணுக்குள் நீளமாக இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

---

ஆயக்குடி_கொய்யா:

டீச்சர், ரொம்ப நன்றிங்க. மச்சான் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். பாதி மார்க்குன்னு சொன்னதுல கொஞ்சம் கோபம். "அப்ப அது சும்மாவா சிவப்பா இருக்கு?"ன்னு கேக்குது. நியாயம்தானே? அப்புறம் ஆட்டு விசயத்துக்கு யாரும் பதில் சொல்லலீங்க.

---

பெருமாள்மலை_டீச்சர்:

நியாயம்தான். அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தச் சிவப்பைத் தருவது பீட்டாலைன் என்ற நிறமிக் கூட்டம். உங்கள் பக்கம் சந்தைக்கு வரும் பீட்ரூட்டின் சிவப்பும், செந்தண்டுக்கீரையின் சிவப்பும் அதே கூட்டம். செடிகளில் பீட்ரூட், கீரை, கள்ளிச் சொந்தங்களில் மட்டும் இருக்கும் நிறமி, எங்கோ இருக்கும் ஒரு காளானிலும் தனியாக வந்திருக்கிறது. அது குடையின் மேல்தோலில்தான் இருக்கிறது. தோலை உரித்தால் உள்ளே வெள்ளை. எதற்காக என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை இருந்தே ஆக வேண்டும் என்பது வகுப்பில் நாங்கள் பரப்பிய வியாதி. அவளிடம் இதைக் கேளுங்கள்: அந்துவின் நிறத்தை எச்சரிக்கை என்று சொல்ல எய்ஸ்னர் சிலந்தியையும் பீன்ஸ் மாவையும் வைத்துச் சோதித்தது போதுமா?

---

இரவுவிளக்கு (கோவை):

டீச்சர் பொறி வெச்சுட்டாங்க, நானே சொல்லிடறேன். போதாது. சிலந்தி தொட்டு, ருசி பார்த்துத்தான் விட்டது, நிறத்தைப் பார்த்து இல்லை. அந்தச் சோதனை நஞ்சு காப்பாத்துதுன்னு காட்டுது. நிறம் காப்பாத்துதான்னு பார்க்க, கண்ணால வேட்டையாடுற பறவை வேணும். ருசியில்லாத பூச்சியைப் பறவைகள் ஒரு தடவை தின்னு, அப்புறம் நிறத்தைப் பார்த்தே ஒதுக்குறது வேற பூச்சிகள்ல நிறையத் தடவை சோதிச்சுப் பார்த்த விஷயம். நம்ம வெள்ளை அந்து பகல்ல திறந்தவெளியில உக்கார்றதை வெச்சு, அதுவும் அந்தக் கட்சின்னு நான் தைரியமாச் சொல்வேன்.

---

மாட்டாஸ்பத்திரி_பழையஆள்:

ஆட்டுக்கு நான் சொல்றேன். கால்நடை மருந்தகத்துல உதவியாளா இருந்தவன். புழுவைப் பத்திக் கவலைப்படாதீங்க, காயைப் பத்திக் கவலைப்படுங்க. பூக்குறதுக்கு முன்னாடி அறுத்த பசுந்தழையை மத்த தீவனத்தோட கொஞ்சமாப் போடறவங்க இருக்காங்க. காய் முத்தினதைப் போடாதீங்க. அந்து விதையில தேடுற அதே நஞ்சுதான் ஆட்டுக்கு ஈரலைக் கெடுக்கும். இன்னிக்குத் தின்னு இன்னிக்கே விழாது. வாரம், மாசம் கழிச்சு மெலிஞ்சு, வயிறு ஊதி நிக்கும், அப்ப என்ன தின்னுதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மனுசனுக்கும் ஆகியிருக்கு. 1970களோட நடுவுல சர்குஜா மாவட்டத்துல (அப்ப மத்தியப் பிரதேசம், இப்ப சத்தீஸ்கர்) சாமைத் தானியத்தோட ஒரு கிலுகிலுப்பை விதை கலந்து, அதைத் தின்ன குடும்பங்கள்ல வயிறு வீங்கிப் பலர் செத்துப்போனாங்க. ஈரலுக்குள்ள ரத்தக்குழாய் அடைச்சிருந்தது. 1976இல் மருத்துவப் பத்திரிகையில வந்தது. உங்க விதை மூட்டையைத் தானிய மூட்டை பக்கத்துல வைக்காதீங்க.

---

ஆயக்குடி_கொய்யா:

நல்ல வேளை, கேட்டுட்டேன்ங்க. விதைக்கு விட்ட ஓரத்துல வேலி அடைச்சாச்சு. விதையைத் தனியா மேல்மாடத்துல கட்டிவெக்கறேன். பாக்கி வரிசையெல்லாம் 45 நாள்லயே மடக்கியாச்சு, அதுல காயே இல்ல.

பொண்ணு கடைசியா ஒண்ணு கேக்கச் சொன்னுச்சு. நெட்ல அந்தக் காளானை ஈ கொல்லின்னு போட்டிருக்காம். அப்ப அந்தப் பலகை ஈக்குத்தானோ?

---

பெருமாள்மலை_டீச்சர்:

விடமாட்டாள் போலிருக்கிறது, நல்லது. ஐரோப்பாவில் இந்தக் காளானைப் பிய்த்துப் பாலில் போட்டு வைப்பார்கள். ஈ வந்து குடித்து மயங்கிப் பாலிலேயே மூழ்கும். 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்துப் போட்டால் சில ஈக்கள் தெளிந்து பறந்துவிடும், அதனால் கொல்லி என்பதே கொஞ்சம் அதிகப்படி. வீட்டு ஈ காட்டில் இந்தக் காளானைத் தேடிப் போய்த் தின்பதில்லை, பாலுக்காக வந்து மாட்டிக்கொள்கிறது. காட்டில் இதைத் தேடி வருவது காளான் ஈ. அது நேராகக் குடைக்குள்ளேயே முட்டையிடும், புழு அங்கேயே தின்று வளரும். அடுத்த முறை வரும்போது ஒரு முதிர்ந்த காளானைக் குச்சியால் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். தொடுவதால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். அவளுடைய பலகையை அவை படிக்கவே இல்லை.